சிவப்பு விளக்கு சொல்லாத செய்தி

வட அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாதத்து இரவு. வெளியே தண்ணீர் உறைகிற குளிர். அறைச் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். கல்லைத் தொட்டது போலச் சில்லென்று இருக்கிறது. எண்ணெய்க் கொதிகலன் வைத்திருக்கும் கொட்டகைக்குக் கைவிளக்குடன் போகிறீர்கள். அங்கே ஒரு சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதையொட்டி ஒரு பொத்தான். பக்கத்தில் ஆணியில் தொங்கும் கையேட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. இடப்பக்கம் 'பழுது', நடுவில் 'காரணம்', வலப்பக்கம் 'செய்ய வேண்டியது'.

இந்தப் பழுதுப் பட்டியலைத்தான் இக்கட்டுரை திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. கதையையும் கவிதையையும் திரைப்படத்தையும் நாம் அலசி ஆராய்கிறோம். இயந்திரத்தோடு வரும் கையேட்டை எவரும் விமர்சிப்பதில்லை. ஒரு கதை சுவையற்றுப் போனால் ஒரு மாலைப்பொழுது வீணாகும், அவ்வளவே. கையேடு தவறான பாடம் கற்பித்தால் உயிரே போகலாம்.

நமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் வீட்டைச் சூடாக்க எவரும் எண்ணெய் எரிப்பதில்லை. இருக்கும் சூட்டைத் தணிப்பதே நம் கவலை. ஆனால் வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயால்தான் வெப்பம் பெறுகின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் அப்படியே. படிப்பிற்காகவும் பணிக்காகவும் அத்தகைய குளிர் நாடுகளில் குடியேறியிருக்கும் உறவினர் உங்களுக்கும் இருக்கக்கூடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பழுதடைந்த இயந்திரத்தின் முன் நின்று சிந்திக்கும் முறை, கிணற்று மோட்டாருக்கும் குளிர்பெட்டிக்கும் கொதிகலனுக்கும் ஒன்றே.

ஒரு நிமிடத்தில் நடப்பவை

முதலில் பெயரைப் பார்ப்போம். கொதிகலன் என்று பெயரே தவிர, வீடுகளில் உள்ள இக்கருவியில் நீர் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீர், குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதில் பெரும்பாலும் எரிவது நாம் நன்கறிந்த மண்ணெண்ணெய்தான். அமெரிக்காவில் டீசலை ஒத்த, சற்றுக் கனமான எண்ணெய்.

மண்ணெண்ணெய் என்றதும் பம்பு அடுப்பு உங்கள் நினைவிற்கு வரும். அந்த அடுப்பில் எண்ணெய், சூடான குழாயில் ஆவியாகி, நிப்பிளின் சிறு துளை வழியே சீறி வந்து எரியும். துளை அடைத்துக்கொண்டால் அடுப்புப் பின்னால் குத்திச் சரிசெய்வோம். கொதிகலனில் நடப்பது வேறு. இங்கே எண்ணெய் ஆவியாக வருவதில்லை. திரவமாகவே, ஏறத்தாழ 7 முதல் 10 பார் வரையிலான அழுத்தத்தில், நாசில் என்னும் சிறு பித்தளை அல்லது எஃகு முனைக்குள் தள்ளப்படுகிறது. நாசிலினுள் சாய்வாக வெட்டிய நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றின் வழியே சுழன்று வரும் எண்ணெய் குடைபோல் விரிந்து, பனிப்புகை போன்ற திவலைகளாகிறது.

திவலையாக்குவதன் பயன் என்ன? ஒரு கன சென்டிமீட்டர் எண்ணெய் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே எண்ணெயை மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விட்டமுள்ள திவலைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள். காற்றும் வெப்பமும் மேற்பரப்பில்தான் எண்ணெயைத் தொடுகின்றன. எனவே ஏறக்குறைய 250 மடங்கு பெரிய பரப்பு, கண் இமைக்கும் நேரத்தில் எண்ணெயை ஆவியாக்கி எரித்துவிடுகிறது.

இந்த நாசிலைப் பின்னால் குத்தக்கூடாது. நுண்பள்ளங்களில் ஒரு கீறல் விழுந்தாலும் குடை கோணலாகி, எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, புகைவிட்டு எரியும். ஆகவே ஆண்டுதோறும் புதியதை மாற்றிவிடுகிறார்கள். பம்பு அடுப்பில் அறிவுடைமையாக இருந்த செயல் இங்கே அறியாமை ஆகிவிடுகிறது.

இனி, கொதிகலன் பற்றிக்கொள்ளும் வரிசையைக் கவனியுங்கள். அறை குளிர்ந்ததும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி 'வேண்டும்' என்று மின் சைகை கொடுக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரை இயக்குகிறது. ஒரே மோட்டார், காற்றூதும் விசிறியையும் எண்ணெய்ப் பம்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது. முதல் பத்துப் பதினைந்து நொடிகள் விசிறி வெறும் காற்றை ஊதி, உள்ளே தங்கிய ஆவியை வெளியேற்றுகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தில் இரு மின்வாய்களுக்கிடையே பொறி தாவுகிறது. பிறகு மின்காந்த வால்வு 'கிளிக்' என்று திறக்க, எண்ணெய் தெளிக்கப்பட்டுப் பற்றிக்கொள்கிறது. இறுதியாக, சுடரை நோக்கி வைத்துள்ள ஓர் ஒளிக்கண், 'ஆம், ஒளி தெரிகிறது' என்று பெட்டிக்குச் சொல்கிறது. எண்ணெய் திறந்தபின் ஏறத்தாழ 10 நொடிக்குள் இச்செய்தி வராவிட்டால், பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தித் தன்னைப் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கை ஏற்றுகிறது.

ஒரு விளக்கு, பல காரணங்கள்

இப்போது பட்டியலுக்கு வருவோம். 'பழுது: சிவப்பு விளக்கு எரிகிறது' என்ற வரிக்கு எதிரே காரணங்கள் அடுக்கப்பட்டிருக்கும்: தொட்டியில் எண்ணெய் இல்லை, வடிகட்டி அடைப்பு, எண்ணெய்க் குழாயில் காற்று, எண்ணெயில் தண்ணீர், நாசில் அடைப்பு, மின்வாய்களின் இடைவெளி தவறு, மின்மாற்றி பழுது, மோட்டார் மின்தேக்கி பழுது, பம்பு இணைப்பான் முறிவு, ஒளிக்கண்ணில் கரி, பெட்டியே பழுது. எல்லாம் உண்மை. ஆனால் மளிகைக் கடைச் சீட்டு போல இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, ஏன் என்று அதில் இல்லை.

இது சிறு குறை அன்று. எந்த உறுப்பு தவறினாலும் கொதிகலன் நமக்குக் காட்டும் முகம் ஒன்றே. காய்ச்சல் என்ற ஓர் அறிகுறியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் நூறு காரணங்களையும் அகரவரிசையில் எழுதி நோயாளியிடம் கொடுக்கும் மருத்துவரை நாம் மெச்சுவோமா? வரிசை தெரிந்தவருக்கோ பட்டியலே தேவையில்லை, காது போதும்.

விளக்கும் எரியவில்லை, மோட்டாரும் சுழலவில்லை என்றால், எரிப்பானுக்கு அழைப்பே வரவில்லை. மின்சாரம், நேரக் கடிகாரம், வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, மிகைவெப்பத் தடுப்பான் ஆகியவற்றில்தான் கோளாறு. நாசிலைக் கழற்றுவது வீண்வேலை. அழைப்பு வந்தும் மோட்டார் சுழலாமல் முனகினால், மோட்டாரும் அதன் மின்தேக்கியும் ஐயத்திற்குரியவை. மோட்டார் சுழன்றும் சுடர் பிறக்கவில்லை என்றால், எண்ணெய் அல்லது பொறி, இரண்டில் ஒன்று வரவில்லை. சுடர் பிறந்து சில நொடிகளிலேயே அணைந்தால், ஒளிக்கண் குருடாகியிருக்கலாம் அல்லது எண்ணெயோடு காற்றோ நீரோ கலந்து வரலாம். பல நிமிடங்கள் எரிந்து பிறகு அணைந்தால், எண்ணெய் வரும் வழி குறுகியிருக்கிறது என ஐயுறலாம். தொட்டியின் காற்றுத் துளையும் வடிகட்டியும் முதலில் கவனிக்கத்தக்கவை.

மாணவர்களே, இதிலுள்ள கணிதத்தைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு கேள்வியும் மிஞ்சியிருக்கும் காரணங்களைச் சரிபாதியாகப் பிரித்தால், 16 காரணங்களில் உண்மையானதைக் கண்டுபிடிக்க 4 கேள்விகள் போதும். பட்டியலை மேலிருந்து கீழாகச் சோதித்தால் 15 சோதனைகள் கூடத் தேவைப்படலாம். கையேட்டின் ஆசிரியர் இவ்வரிசையை அறியாதவர் அல்லர். இயந்திரத்தை வடிவமைத்தவர்களோடு பேசி எழுதியவர்தாம். ஆயினும் தாம் அறிந்ததன் முடிவுகளை மட்டும் தந்து, அறிந்த வழியை மறைத்துவிட்டார்.

பொத்தான் படும் பாடு

பட்டியலின் வலப்பக்கத்தில், 'பொத்தானை அழுத்தி மீண்டும் இயக்குக' என்ற வரி நிச்சயம் இருக்கும். என் முதன்மையான குற்றச்சாட்டு இதன் மீதே. நல்ல கையேடுகள் 'ஓரிரு முறைக்கு மேல் அழுத்தாதீர்' என்றும் சேர்த்துச் சொல்கின்றன; ஆனால் ஏன் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத கட்டளையைக் குளிரில் நடுங்குபவர் மதிக்கமாட்டார். குழந்தை அழும் வீட்டில், ஒருமுறை அழுத்திய விரல் பத்து முறையும் அழுத்தும்.

காரணத்தை நாமே கணக்கிட்டு அறியலாம். நாசிலின் மேல் 0.60 என்று பொறித்திருந்தால், சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அழுத்தத்தில் அது மணிக்கு 0.60 அமெரிக்க காலன் எண்ணெய் தெளிக்கும் என்று பொருள். நம் அளவையில் 2.27 லிட்டர். ஒரு நொடிக்கு 0.63 மில்லிலிட்டர். சுடர் பிறக்காத 10 நொடி முயற்சியில் 6 மில்லிலிட்டருக்கு மேல் எண்ணெய், எரியாமல் எரிகூடத்தில் தங்கிவிடுகிறது. பத்து முறை அழுத்தினால் 63 மில்லிலிட்டர். ஒரு காபி டம்ளரில் பாதி. அமெரிக்காவில் பழைய பெட்டிகள் பலவற்றில் காத்திருப்பு நேரம் 45 நொடியாக இருந்தது. அதில் மூன்றே முறை அழுத்தினால் இதைவிட அதிகம் சேர்ந்துவிடும்.

இவ்வெண்ணெய் இன்னும் ஆறாத சுவர்களில் பட்டு ஆவியாகிறது. பதினோராவது முறை பொறி வேலை செய்துவிட்டால், தேங்கிய அனைத்தும் ஒரே கணத்தில் பற்றுகிறது. கதவு தெறிக்கலாம், புகைபோக்கி கழன்றுவிடலாம், வீடு முழுதும் கரி படியலாம். 63 மில்லிலிட்டர் மண்ணெண்ணெயில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 0.63 கிலோவாட் மணி. ஓர் இஸ்திரிப் பெட்டி அரை மணிக்கு மேல் செலவிடும் ஆற்றலை ஒரு நொடியில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆபத்தை உற்பத்தியாளர்களும் உணர்ந்தே இருக்கிறார்கள். அமெரிக்காவில் பின்னர் வந்த மின்னணுப் பெட்டிகள் பலவற்றில் காத்திருப்பு நேரம் 15 நொடியாகச் சுருக்கப்பட்டது. மூன்று முறை தொடர்ந்து பூட்டிக்கொண்டால், சாதாரணமாகப் பொத்தானை அழுத்தி இயக்க முடியாதபடியும் செய்தார்கள். மனிதருக்குக் காரணத்தை விளக்கத் தவறியதை இயந்திரத்தின் பிடிவாதத்தால் ஈடுசெய்தார்கள் எனலாம். பிடிவாதம் பயன் தருகிறது என்பது உண்மை. ஆனால் பழைய பெட்டிகள் உள்ள வீடுகளில் விளக்கம் ஒன்றே காவல்.

என் கருத்தில் விதி இப்படி இருக்க வேண்டும். தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா, அடைப்பு வால்வு திறந்திருக்கிறதா, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருமுறை அழுத்துங்கள். வரிசையைக் காதால் கேளுங்கள். மீண்டும் பூட்டிக்கொண்டால் கையை எடுத்துவிட்டு, கேட்டதைத் தாளில் குறித்து, பயிற்சி பெற்ற பணியாளரை அழையுங்கள். முன்பே பல முறை அழுத்தியிருந்தால் அதை அவரிடம் மறைக்காதீர்கள். அவர் உயிருக்கும் அது தேவையான செய்தி.

உறுப்பு மாறும், காரணம் தங்கும்

பட்டியலின் மூன்றாவது குறை, 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் அது காரணங்களைத் தருவதில்லை என்பது. 'ஒளிக்கண்ணில் கரி. துடைக்கவும் அல்லது மாற்றவும்' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கண்ணுக்குள் பலவற்றில் காட்மியம் சல்ஃபைடு என்னும் பொருள் இருக்கிறது. இருட்டில் அதன் மின்தடை மிகப் பெரியது. சுடரின் ஒளி பட்டால் ஆயிரத்தைச் சுற்றிய ஓம் அளவிற்கோ அதற்குக் கீழோ சரிந்துவிடும். கரி படிந்தால் கண் மறைகிறது, பெட்டி பூட்டிக்கொள்கிறது. துடைத்துவிட்டால் இயங்குகிறது. பட்டியல் வென்றுவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் கரி எங்கிருந்து வந்தது? சுடருக்குப் போதிய காற்றில்லை. காற்று ஏன் இல்லை? விசிறியின் இதழ்களில் பஞ்சுத் தூசி அடைந்திருக்கிறது. பஞ்சு ஏன்? துணி உலர்த்தும் இயந்திரம் அதே அறையில் ஓடுகிறது. இந்த நான்காவது விடைதான் உண்மையான காரணம். முதல் விடையோடு நின்றவர், அடுத்த மாதம் மறுபடியும் கண்ணைத் துடைப்பார். அதற்குள் வெப்பமாற்றியின் தகடுகளில் கரி தடித்துவிடும். கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீருக்குப் போகவேண்டிய வெப்பம் புகைபோக்கி வழியே வானுக்குப் போகும். வீட்டுக்காரர் வானத்தைச் சூடாக்கப் பணம் கட்டுவார்.

நாசில் அடைப்பும் அப்படியே. நாசிலை மாற்றியதும் எரிகிறது. ஆனால் அடைத்த குப்பை எங்கிருந்து வந்தது? வெளியில் நிற்கும் தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகிறது. எண்ணெயைவிட நீர் கனமானதால் அடியில் தங்குகிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சேறு உண்டாகிறது. இரும்புத் தொட்டியானால் துருவும் சேர்கிறது. எண்ணெய் வண்டி வந்து புதிதாக ஊற்றும்போது அடிச்சேறு கலங்குகிறது. அதனால்தான் எண்ணெய் நிரப்பும்போது கொதிகலனை நிறுத்திவிட்டு, கலங்கல் படிய ஓரிரு மணி நேரம் விட்டு இயக்கச் சொல்வார்கள். கிணறு தூர்வாரிய அன்று குடத்தை விடாத நம் பாட்டிமார் அறிந்த பௌதிகம் இது. ஆனால் பழுதுப் பட்டியலில் இதற்கு இடமில்லை. பழுது நேருமுன் செய்யவேண்டிய செயல் எந்தப் பழுதின் எதிரே எழுதப்படும்?

கண் பார்ப்பது ஒளியை மட்டுமே

இதுவரை சொன்ன குறைகளையெல்லாம் மன்னித்தாலும், இனிச் சொல்லப்போவதை மன்னிக்க முடியாது. பட்டியல் முழுவதும் சிவப்பு விளக்கைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே விளக்கு எரியாத கொதிகலன் நலமாக இருக்கிறது என்ற எண்ணத்தை, சொல்லாமலே வாசகர் மனத்தில் விதைத்துவிடுகிறது.

ஒளிக்கண் எதைப் பார்க்கிறது? ஒளி இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே. காற்றுக் குறைவால் மஞ்சளாகிப் புகைந்து எரியும் சுடர், அக்கண் மறைகிற அளவிற்குக் கரி படியும்வரை, அதற்கு ஒளிமிக்க நற்சுடராகவே தெரியும். எண்ணெயிலுள்ள கார்பன் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளிவந்தாலும் அது அறியாது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், பிறகு மரணம். கொதிகலன் இயங்கிக்கொண்டிருக்கும், அறை இதமாக இருக்கும், விளக்கும் எரியாது.

இது எப்படி நேர்கிறது? அறைக்காற்றையே எடுத்து எரியும் கொதிகலனுக்குச் சுவரில் ஒரு நிரந்தரத் துளை விட்டிருப்பார்கள். அதன் வழியே குளிர்காற்று வருகிறதே என்று கந்தையைச் சுருட்டி அடைத்துவிடுபவர்கள் உண்டு. புகைபோக்கியில் பறவை கூடு கட்டுவதும் உண்டு. இரண்டிலும் வெப்பம் குறைவதில்லை. ஆகவே பட்டியலில் தேட எவருக்கும் தோன்றாது. துளையை அடைக்காதிருப்பதும், உறங்கும் இடத்திற்கு ஒலி எட்டும்படி கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் எந்த உறுப்பை மாற்றுவதையும்விட முதன்மையானவை. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் தணிகிறது என்றால் அதுவே பெரிய அறிகுறி. உடனே கொதிகலனை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறி, மருத்துவ உதவி நாட வேண்டும்.

சுடரின் தரத்தை அறிய வேறு கருவிகள் உண்டு. ஆண்டுப் பராமரிப்புக்கு வரும் பணியாளர் புகைபோக்கியில் ஒரு சிறு துளை வழியே கைப்பம்பைச் செருகி, பத்து இழுப்புப் புகையை ஒரு வெள்ளை வடிதாளின் ஊடே இழுப்பார். தாளில் படியும் கறையை, வெண்மைக்கு 0 தொடங்கிக் கருமைக்கு 9 வரை எண்ணிட்ட அட்டையோடு ஒப்பிடுவார். இதுவே புகை எண். அது 0 அல்லது 1 ஆக இருக்கவேண்டும். அடுத்துப் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, வெப்பநிலை ஆகியவற்றை அளப்பார். மிகச் சரியான அளவு காற்றோடு மண்ணெண்ணெய் எரிந்தால், கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 15 சதவீதம் இருக்கும். நடைமுறையில் காற்றைச் சற்று மிகுதியாக விட்டு, 11 அல்லது 12 சதவீதத்தில் நிறுத்துகிறார்கள். காற்று குறைந்தால் கரியும் நச்சும்; மிகுந்தால் வெப்பம் புகைபோக்கியில் அடித்துச் செல்லப்படும். இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய வரப்பில் நடப்பதே நல்ல எரிதல்.

கண்ணால் சுடரைப் பார்த்து 'நன்றாக எரிகிறது' என்று சொல்லிவிட்டுப் போகும் பணியாளர், அந்தப் பெட்டியின் ஒளிக்கண்ணைவிட அதிகமாக எதையும் பார்த்துவிடவில்லை. அளந்த எண்களைத் தாளில் எழுதித் தரும்படி கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. சென்ற ஆண்டுத் தாளோடு அதை ஒப்பிட்டால், பழுது வருமுன்பே அதன் காலடி ஓசை கேட்கும். புகையின் வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், தகடுகளில் கரி ஏறுகிறது என்று பொருள்.

நியாயமாகச் சொன்னால்

பட்டியலை முற்றிலும் பழிப்பது முறையன்று. நள்ளிரவில் கலங்கி நிற்பவரைத் தொட்டியின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கத் தூண்டுவதே ஒரு நன்மைதான். மேலும் கையேட்டின் ஆசிரியருக்கும் ஒரு தடை உண்டு. நுட்பங்களை விரித்து எழுதினால், வீட்டுக்காரர் திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு காற்றுத் தகட்டைத் திருப்பத் தொடங்கிவிடுவாரோ என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. புகையை அளக்காமல் காற்றைத் திருத்துவது, தராசில்லாமல் மருந்து கலப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் அறியாமை கையைக் கட்டிவிடும் என்று நம்புவது தவறு. அறியாதவர்தாம் பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறார். அறியாதவர்தாம் காற்றுத் துளையில் கந்தையைச் செருகுகிறார். காரணம் புரிந்தவருக்கு எங்கே நிறுத்துவது என்பதும் புரியும்.

புதிய பெட்டிகளில் விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையாலோ நிறத்தாலோ, வரிசையின் எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிவிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. பாராட்டத்தக்க முன்னேற்றம். எனினும் 'சுடர் இல்லை' என்றுதான் அது சொல்லும். 'துணி உலர்த்தியின் பஞ்சு' என்று சொல்லாது. படியை இயந்திரம் சொல்லலாம். காரணத்தை மனிதர்தாம் தேடவேண்டும்.

எப்படி இருக்க வேண்டும்?

குறை சொன்னவர் நிறையும் சொல்ல வேண்டும். கையேட்டை நான் எழுதுவதாக இருந்தால், பழுதுப் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளி, மூன்று பக்கங்களை முன்னே வைப்பேன்.

முதல் பக்கத்தில், நலமாக இயங்கும் கொதிகலனின் ஓசை வரிசை: எத்தனை நொடி காற்று, எப்போது கிளிக், எப்போது சுடரின் உறுமல். நலத்தை அறியாதவர் நோயை அறிய முடியாது. இரண்டாம் பக்கத்தில், விளக்கு எரியாதபோது பார்க்கவேண்டியவை: காற்றுத் துளை, புகைபோக்கி முனை, எண்ணெய்க் கசிவு, தொட்டியின் அடிநீர், எச்சரிக்கைக் கருவியின் மின்கலம், ஆண்டு அளவீட்டுத் தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடு: கோட்டுக்கு இப்பால் வீட்டுக்காரர் செய்யலாம், அப்பால் பயிற்சி பெற்றவர் மட்டுமே. ஒவ்வொரு வரியிலும் 'ஏன்' என்பதற்கு ஒரு வாக்கியம். அதன்பின் பட்டியல் வந்தால் அதுவும் பயன்படும்.

இத்தகைய கொதிகலன்களின் காலமே முடிந்துகொண்டிருக்க, இவ்வளவு எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். டென்மார்க் 2013இல் புதுக் கட்டடங்களில் எண்ணெய்க் கொதிகலன் வைப்பதைத் தடுத்தது. நார்வே 2020 ஜனவரி 1 முதல் கட்டடங்களை வெப்பமூட்டக் கனிம எண்ணெய் எரிப்பதையே தடைசெய்தது. புவி வெப்பமாவதைக் கருதினால், வெப்பப் பம்பு போன்ற மாற்றுகளை நோக்கிச் செல்வது சரியே. ஆனால் ஓர் இயந்திரம் வழக்கொழியும் காலமே அதற்கு ஆபத்தான காலம். 'விரைவில் மாற்றிவிடப் போகிறோமே' என்று பராமரிப்பைத் தள்ளிப்போடுவார்கள். அறிந்த பணியாளர்களும் குறைவார்கள். முதிய வீட்டில் முதிய கொதிகலனோடு ஒரு முதியவர் தனியே இருப்பார். அவருக்கு அன்றும் குளிரும்.

வாசகரே, உங்கள் வீட்டில் கொதிகலன் இல்லை. ஆனால் தண்ணீர் மோட்டாரும், சமையல் எரிவாயு அடுப்பும், குளியலறையில் நீர் சூடேற்றியும் இருக்கும். அவற்றின் கையேடுகளை இன்று எடுத்துப் பாருங்கள். பழுது வந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கும். பழுதில்லாதபோது எதைக் கவனிப்பது என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பக்கத்தை நீங்களே எழுதி, கையேட்டின் முன்னே ஒட்டிவையுங்கள். விளக்கு எரியாத நாளில் கேட்கும் கேள்விதான் உயிரைக் காக்கும்.